மதவரிக் கட்டாயத் தடை (மலேசியா)

தம்முடையதல்லாத மதத்துக்கென முழுமையாகவோ பகுதியாகவோ ஒதுக்கப்படும் வரியைச் செலுத்த எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் பாதுகாப்பு. 1957இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசியலமைப்பின் 11(2) விதி இதை வழங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலிலும் கிள்ளான் தேவாலயங்களிலும் தமிழர் இடும் காணிக்கை மனமுவந்த கொடை. முஸ்லிம்களுக்குரிய ஸக்காத் இவர்களிடம் வசூலிக்கப்படுவதில்லை.

இத்தகைய உரிமைக்காக 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர் பெருந்துயர் பட்டனர். அரசு ஏற்ற திருச்சபைக்கு விளைச்சலில் பத்திலொரு பங்கு தர மறுத்ததால் அவர்களுடைய கால்நடைகளும் தானியமும் பறிக்கப்பட்டன; பலர் சிறைப்பட்டனர். அவர்கள் மறுத்தது தம் மதத்திலேயே வேறொரு சபைக்கான வரியை. இந்திய அரசியலமைப்பின் 27ஆம் உறுப்பு மத உட்பிரிவுக்கான கட்டாய வரியையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. மலேசிய விதியில் உட்பிரிவு என்னும் சொல் இல்லை. குவேக்கர்களின் வழக்குக்கு இந்திய வாசகமே நெருக்கமானது.