விஜயந்தா டாங்கி
விஜயந்தா என்பது இந்தியாவில் தயாரிக்கப்பட்ட முதல் போர் டாங்கி ஆகும். திருநின்றவூருக்குச் சில ரயில் நிலையங்கள் முன்னே உள்ள ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலையில் இது உருவானது. வடிவமைப்பு இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. 1965-இல் ஆவடியிலிருந்து வெளிவந்த முதல் டாங்கிகள் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோத்தே கட்டப்பட்டன. உள்நாட்டுப் பாகங்கள் பின்னர் படிப்படியாகச் சேர்ந்தன.

எடை சுமார் 39 டன், குழுவினர் 4 பேர், 105 மி.மீ. பீரங்கி. தொல்லை முழுக்க எஞ்சினில்தான். லேலண்ட் எல்60 எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரு பிஸ்டன்கள் எதிரெதிராக இயங்கும். பலவகை எரிபொருளை ஏற்கும் என்ற ஆசையில் பிறந்த இந்த ஏற்பாடு, இதே எஞ்சின் பொருத்திய பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியையும் படுத்தியது. ஆயினும் 1971 போரில் விஜயந்தா களம் கண்டது.

ஆவடியிலேயே டி-72 தயாரிப்பு தொடங்கியபின் இது மெல்ல விலக்கப்பட்டது. நீட்டப்பட்ட இதன் உடற்பகுதியில் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றி உருவானதே கேட்டபுல்ட்.