எதிர்த்தரப்பு இல்லாத பேச்சுப் பக்கம்: தமிழ் விக்கிப்பீடியாவின் தொகுத்தல் கருவிகளும் திருகோணமலையும்

தமிழ் விக்கிப்பீடியாவைப் பற்றி எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி எண்ணிக்கையைப் பற்றியது. 2003 செப்டம்பரில் தொடங்கியது, 2017 மே மாதத்தில் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது, இ. மயூரநாதன் ஒருவரே நாலாயிரத்துக்கும் மேல் எழுதினார் என்பன பெருமைப்படத்தக்க செய்திகள்தாம். ஆனால் தொகுத்தல் கருவிகளைப் பற்றிப் பேசும்போதும் இதே கணக்குத்தான் முன்னுக்கு வருகிறது: எந்தக் கருவி எத்தனை கட்டுரைகளைத் தந்தது, எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தியது? இக்கட்டுரையின் கேள்வி வேறு. பேச்சுப் பக்கம், வரலாற்றுப் பக்கம், கவனிப்புப் பட்டியல், மீளமைப்பு ஆகிய விக்கியின் முதன்மைக் கருவிகள் எல்லாமே, கருத்து மாறுபடுவோர் ஒரே பக்கத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பில் அமைந்தவை. அந்த முட்டல் நிகழவே வழியில்லாத இடத்தில் அவை என்ன வேலை செய்கின்றன? இதைச் சோதித்துப் பார்க்கத் திருகோணமலை மாவட்டத்தைவிடப் பொருத்தமான களம் இலங்கையில் இல்லை என்பது என் எண்ணம்.

2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழப் பத்தில் நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர், எஞ்சியோரில் மிகப் பெரும்பாலோர் சிங்களவர். பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளில் கிண்ணியாவில் முஸ்லிம்களும், கோமரன்கடவலை, பதவிசிறிபுர ஆகியவற்றில் சிங்களவரும் பெரும்பான்மையினர். துறைமுக நகரை உள்ளடக்கிய ‘பட்டினமும் சூழலும்’ பிரிவில் எல்லாரும் இருக்கிறார்கள். சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் ஒருவரை ஒருவர் தவிர்க்க முடியாது. கலைக்களஞ்சியத்தில் தாராளமாகத் தவிர்க்கலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று விக்கிப்பீடியாக்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தொகுப்பாளர்கள், தனி நிர்வாகிகள், தனிப் பேச்சுப் பக்கங்கள். 2013 முதல் விக்கித்தரவு மூன்றையும் பின்னிருந்து இணைக்கிறது. ஆனால் அது இணைப்பது ஆள்கூறுகளையும் பரப்பளவையும் ஆண்டுகளையும். சீனக்குடாவில் இன்று இருக்கும் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 என்பதில் எந்த மொழியிலும் தகராறு இல்லை. அந்த ஊர் யாருடையது என்ற கேள்வி வந்தவுடன்தான் மூன்று கட்டுரைகளும் மூன்று திசைகளில் போகின்றன.

திருகோணமலையின் கோணேசுவரம் கோயிலை எடுத்துக்கொள்வோம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் அதை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். கோட்டை வாசலில் இரட்டை மீன் பொறிப்பும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் உள்ளன. 1956-இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் கோயில் எச்சங்களைக் கண்டார்கள். மறுபக்கம் மகாவம்சத்தின் 37ஆம் அதிகாரம். மன்னன் மகாசேனன் தேவாலயங்களை அழித்து விகாரைகள் கட்டினான் என்று சொல்லுமிடத்தில் அது கோகண்ணத்தையும் குறிப்பிடுகிறது. கோகண்ணம் திருகோணமலையே என்று கொள்ளும் சிங்களத் தரப்புக்கு அது விகாரையின் தொன்மைக்குச் சான்று. அதே அடையாளத்தை ஏற்கும் தமிழ்த் தரப்புக்கோ விகாரைக்கு முன்பே அங்கு கோயில் இருந்ததற்குச் சான்று. ஒரே வாசகத்திலிருந்து இரண்டு முடிவுகள். பேச்சுப் பக்கம் என்ற கருவி எதற்காக உண்டாக்கப்பட்டதோ அதற்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது.

தமிழில் அந்த வாதத்தை யாருடன் நடத்துவது? எழுதுபவர், திருத்துபவர், சுற்றுக்காவல் செய்பவர் எல்லாரும் பெரும்பாலும் ஒரே மரபில் வந்தவர்கள். சிங்கள விக்கிப்பீடியாவிலும் நிலைமை இதுவே, திசை மட்டும் மாறியிருக்கும். நடுநிலை நோக்கு என்ற கொள்கையைத் தனிமனிதரின் நேர்மையாகப் பலர் புரிந்துகொள்கிறார்கள். நடைமுறையில் அது வாதத்தின் விளைபொருள்: ஒருவர் எழுதிய வாக்கியத்தை மற்றவர் மறுக்க, சான்று கேட்க, இருவரும் சலித்துப்போய் ஏற்றுக்கொள்ளும் சொல்லமைப்பே நடுநிலையானது. மறுப்பவர் இல்லாத இடத்தில் ஒரு வாக்கியம் பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். வரலாற்றுப் பக்கத்தைப் பார்ப்பவர் அந்த அமைதியை உறுதிப்பாடு என்று எடுத்துக்கொள்வார். சோதனைக்கே உள்ளாகாத வாக்கியத்துக்கும் சோதனையைத் தாண்டி வந்த வாக்கியத்துக்கும் அந்தப் பக்கத்தில் வேறுபாடு தெரியாது.

கருவி எதுவரை உதவும் என்பதை ஒரு சிறிய தொகுப்பை நெருங்கிப் பார்த்தால் விளங்கும். கோயில் இடிக்கப்பட்டதற்கு 1622 என்றும் 1624 என்றும் இரண்டு ஆண்டுகள் வழங்குகின்றன. பெயர் பதியாத ஒருவர் முன்னதைப் பின்னதாக மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அண்மைய மாற்றங்களில் அந்தத் தொகுப்பின் அளவு சுழியம் என்று காட்டும். நான்கு இலக்கம் போய் நான்கு இலக்கம் வந்திருக்கிறது. தொகுப்புச் சுருக்கம் வெறுமை. பத்தி அழிப்பையும் வசைச் சொல்லையும் மடக்கிப் பிடிக்கும் வடிகட்டிக்கு இதில் பிடிக்க எதுவும் இல்லை. வேறுபாடு காட்டும் பக்கத்தைத் திறந்தால் இடப்புறம் 1622, வலப்புறம் 1624 வண்ணமிட்டு நிற்கும். சுற்றுக்காவலர் மீளமைக்கலாம், விட்டும் விடலாம். இரண்டும் ஒரே சொடுக்குத் தொலைவில்தான். மரபு இடிப்பை 1622 சித்திரைப் புத்தாண்டோடு சேர்த்துச் சொல்கிறது, 1624 கோட்டைப் பணியோடு சேர்ந்த ஆண்டு, ஆக வாக்கியம் இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றாக்கியிருக்கக்கூடும் என்பதை அறிய அவர் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோசின் இலங்கை வரலாற்று நூலை எஸ். ஜி. பெரேராவின் 1930ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலாவது புரட்ட வேண்டும். எங்கே மாறியது என்று கருவி சொல்லிவிடும். எது சரி என்று சொல்ல ஆவணம் வேண்டும், அதைப் புரட்ட ஒருவர் வேண்டும், புரட்டத் தூண்டும் ஒரு மறுப்பு வேண்டும்.

தமிழ் விக்கியின் கருவி வரலாறு இதைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கிறது. 2009–2011 காலத்தில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் வழியே ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, அவற்றின் நடையையும் தேர்வையும் எதிர்த்துச் சமூகம் குரல் கொடுத்தது. 2010-இல் போலந்தின் கதான்சுக் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாடு வரை அது சென்றது. பின்னர் தமிழ்நாட்டு ஊராட்சிகளைப் பற்றி அரசுத் தரவைக் கொண்டு தானியங்கி ஆயிரக்கணக்கான கட்டுரைகளை உருவாக்கியது. முதல் நிகழ்ச்சியில் தமிழர்கள் இயந்திரத்தோடு வாதிட்டார்கள். இரண்டாவதில் வாதிட எதுவுமே இல்லை, ஏனெனில் ஊராட்சியின் வாக்காளர் தொகைக்கு எதிர்த்தரப்பு கிடையாது. திருகோணமலையின் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளுக்கும் இப்படி ஒரு தானியங்கியை ஓட்டலாம். ஓட்டினால் நூற்றுக்கணக்கான குறுங்கட்டுரைகள் கிடைக்கும். யார் எப்போது குடியேறினார்கள், யார் எப்போது வெளியேறினார்கள் என்று மாவட்டத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி மட்டும் அவற்றில் இராது.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: ஆங்கிலப் பதிப்பு எல்லாருக்கும் பொதுவான இடமாக இருக்கிறதே. உண்மைதான். இலங்கை முரண்பாடு பற்றிய கட்டுரைகளுக்கென்று இரு தரப்புத் தொகுப்பாளர்களும் சேர்ந்த நல்லிணக்கத் திட்டம் ஒன்று போர்க்காலத்திலேயே ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடங்கப்பட்டது. எந்த ஊடகத்தை எந்தத் தரப்பின் சான்றாகக் கொள்வது என்பது முதல் அங்கே பேசி முடிவுகட்ட முயன்றார்கள். ஆட்கள் இருந்தால் கருவி வேலை செய்யும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அந்த வாதத்தின் பயன் தமிழுக்கும் சிங்களத்துக்கும் திரும்பி வரவில்லை. 2015-இல் வந்த உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவி கட்டுரையின் பத்திகளைக் கொண்டுவரும், இணைப்புகளைக் கொண்டுவரும், மேற்கோள்களையும் ஓரளவு கொண்டுவரும். பேச்சுப் பக்கத்தைக் கொண்டுவராது. மூன்று மாதம் சண்டையிட்டு அடைந்த ஒரு வாக்கியம், அந்தச் சண்டையின் தடயமே இல்லாமல் தமிழில் வந்து இறங்குகிறது. அதை நாளை ஒருவர் தம் மரபுக்கேற்பத் திருத்தினால், எதைக் குலைக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்புக் கருவியின் குறை என்று எல்லாரும் நடையைச் சொல்கிறார்கள். எனக்கு இதுவே பெரிய குறையாகப் படுகிறது.

தமிழ்ப் பேச்சுப் பக்கம் ஒரே குரலாய் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிண்ணியாவும் மூதூரும் தமிழில்தான் எழுதுகின்றன. அங்குள்ள முஸ்லிம்களின் ஊர் வரலாறு ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற நூல் சொல்லும் வரலாற்றோடு பல இடங்களில் பொருந்தும், சில இடங்களில் பொருந்தாது; காணி, இடப்பெயர்வு, 1990, 2006 ஆண்டுகளின் வன்முறை என்று வந்தால் பொருந்தாமை கூடும். மாவட்டத்தின் இரு பெரும் சமூகங்கள் ஒரே மொழியில், ஒரே விதிகளுக்கு உட்பட்டு வாதிடக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா அவற்றில் ஒன்றாகியிருக்கலாம். மூதூரைப் பற்றி உலகம் அறிந்த செய்தி இன்னும் இராபர்ட்டு நொக்சு கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட கதைதான். அவர் 1681-இல் நூல் வெளியிட்டார், அதனால் அவருக்குச் சான்று இருக்கிறது. பிடித்தவர்களுக்கும் பார்த்திருந்தவர்களுக்கும் சான்று இல்லை.

படங்களிலும் இதே சாய்வு. கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது, கப்பற்றளத்தில் கடற்படை இருக்கிறது. கமராவோடு போய் நிற்கக்கூடிய இடங்கள் அளவானவை. பிரித்தானியப் போர் அருங்காட்சியகத்தின் இரண்டாம் உலகப்போர்க் காலப் படங்களோ உரிமை தீர்ந்து விக்கிமீடியா பொதுவகத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே துறைமுகம் கட்டுரைகளில் ஒரு கடற்படையின் கண்ணால் பார்க்கப்பட்டதாகவே நிற்கிறது: போர்க்கப்பல்கள், மாலுமிகள், 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சு. வலை இழுப்பவர்கள் ஓரத்தில்கூட இல்லை.

ஊரின் சொந்தச் சான்றுகள் எங்கே? கும்பாபிடேக மலர்களில், பாடசாலை நூற்றாண்டு மலர்களில், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வீட்டார் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர்களில். இவற்றில் நெடுங்காலம் கணினியில் ஏறியவையும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் ஏறியவை. அந்தக் கோப்பை அப்படியே விக்கியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக விழும். எழுத்துரு மாற்றி என்ற எளிய கருவி இந்த மாவட்டத்துக்குச் செய்த உதவியை எந்தத் தானியங்கியும் செய்ததில்லை. அதற்கு அடுத்த உதவி 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம். அது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தியிருக்கிறது. விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளிலேயே ஓடுகிறது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் உண்டு, வாசிக்க இணைப்பு உண்டு, இதழ்களுக்கும் மலர்களுக்கும் உள்ளடக்கப் பட்டியலைத் தட்டச்சிட்டுச் சேர்த்த பக்கங்கள் உண்டு. ஒரு மலரின் உள்ளே யார் எதைப் பற்றி எழுதினார் என்பது அதனால்தான் தேடலில் சிக்குகிறது. யாரும் இதைத் தொகுத்தல் கருவி என்று சொல்வதில்லை. என் வாதம், திருகோணமலைக் கட்டுரைகளைப் பொறுத்தவரை முதன்மையான தொகுத்தல் கருவி இதுவே என்பது. ‘மோகனாங்கி’ நாவலை 1895-இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணிக்குத் துணைநின்ற அவர் அண்ணன் கனகசுந்தரம்பிள்ளை ஆகிய திருகோணமலைச் சகோதரர்களைப் பற்றி ஒரு பத்தி எழுத முனைபவருக்குக் காட்சித் தொகுப்பி இருந்தாலென்ன, மூலநிரல் பெட்டி இருந்தாலென்ன. மேற்கோள் வார்ப்புருவில் இட ஒரு நூல் வேண்டும்.

மலர்களைச் சான்றாக ஏற்பதில் சிக்கல் உண்டு. மெய்யறிதன்மைக் கொள்கை சார்பற்ற மூலங்களைக் கேட்கிறது. கோயில் நிர்வாகம் வெளியிட்ட மலர் கோயிலைப் பற்றிச் சார்பற்றது அல்ல. முழுதும் தள்ளினால் ஊருக்குச் சான்றே இராது, முழுதும் கொண்டால் ஒவ்வோர் ஊரும் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும். சொல்பவரை வாக்கியத்திலேயே பெயரிட்டு ஏற்பது நடுவழி. தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் இதைப் பொதுவிதியாக முடிவு செய்தால், பிற்பாடு கட்டுரைதோறும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பேச்சுப் பக்கத்துக்கும் ஒன்று செய்யலாம். ஒரே இடத்தைப் பற்றிய ஆங்கில, சிங்களப் பேச்சுப் பக்கங்களில் எழுந்த வாதங்களையும் அவற்றுக்குக் காட்டப்பட்ட சான்றுகளையும் சுருக்கித் தமிழ்ப் பேச்சுப் பக்கத்தின் தலைப்பில் வைப்பது. சிங்களத்திலும் அவ்வாறே தமிழ் வாதத்தை வைப்பது. இருமொழி அறிந்தவர் தேவை. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடத்தில் அத்தகைய மாணவர்கள் சேர்ந்து படிக்கிறார்கள். கோணேசுவரத்தில் தொடங்குவது புத்தியல்ல. அங்கே முதல் வாரத்திலேயே, தொகுப்புப் போரைத் தடுக்கும் மூன்று மீளமைப்பு விதியைத் தொட்டுவிடுவார்கள். கன்னியா வெந்நீரூற்றில் தொடங்கலாம். ஏழு கிணறுகளைக் கொண்ட சிறிய இடம். அதன் மீதான உரிமைத் தகராறு 2019-இல் நீதிமன்றம் வரை போனதால் இரு தரப்பும் தம் கோரிக்கையைத் தாளில் எழுதித் தர வேண்டியதாயிற்று. தொல்லியல் திணைக்களத்தின் நிலைப்பாடும் பதிவில் இருக்கிறது. ஒரு பேச்சுப் பக்கத்துக்கு வேண்டிய எதிரும் புதிருமான வாதங்கள் அங்கே ஏற்கெனவே எழுத்தில் உள்ளன.