ஒரே பட்டில் இரண்டு பற்று

சுவிட்சர்லாந்தின் துப்பாக்கி சுடுவோர் சங்கங்களுக்கு மூன்று அடுக்கில் கொடிகள் உண்டு: ஊர்ச் சங்கத்துக்கு ஒன்று, கன்டோன் எனப்படும் மாநிலத்தின் சங்கத்துக்கு ஒன்று, நாடு தழுவிய சங்கத்துக்கு ஒன்று. நடு அடுக்கில் உள்ள கன்டோன் கொடிகள் பலவற்றில், மாநிலத்தின் நிறங்களும் சிவப்பில் வெள்ளைச் சிலுவையும் ஒரே பட்டில் இடம்பெற்றிருக்கும். நாடு உருவான பின் அதன் பெருமைக்காகத் தைத்துக்கொண்ட அலங்காரம் என்று இவற்றைக் கருதுவது வழக்கம். வரலாறோ வேறு மாதிரி இருக்கிறது. மாநிலப் பற்றை விடாமலே நாட்டுப் பற்றும் கொள்ளலாம் என்பதை, அரசியல் சட்டம் எழுதப்படுவதற்கு ஒரு தலைமுறை முன்பே, மக்கள் இந்தக் கொடிகளைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்தே பழகினார்கள்.

இடைக்காலத்தின் இறுதியிலேயே நகரங்கள் ஒன்றையொன்று சுடும் போட்டிக்கு அழைத்தன. வென்றவருக்குப் பணத்தோடு ஒரு சிறு கொடியும் பரிசாகக் கிடைக்கும். அந்தக் கொடி அவர் ஊரின் மானம். அப்போது நாடு என்ற எண்ணத்துக்கு அதில் வேலை இல்லை. 1798இல் பிரெஞ்சுப் படைகளின் நிழலில் அமைந்த ஹெல்வெடிக் குடியரசு பச்சை, சிவப்பு, மஞ்சள் என மூவண்ணக் கொடி ஒன்றை மேலிருந்து கொடுத்தது. 1803இல் குடியரசோடு அந்தக் கொடியும் மறைந்தது. 1815இன் உடன்படிக்கை 22 கன்டோன்களைத் தளர்வாகக் கட்டி வைத்ததே ஒழிய, அவற்றுக்குப் பொதுவான நாணயமோ சுங்கமோ தரவில்லை. அந்த நிலையில்தான் 1824 ஜூனில் ஆராவ் நகரில் முதல் தேசியச் சுடும் விழா கூடியது. சுவிஸ் துப்பாக்கி சுடுவோர் சங்கமும் அங்கேயே பிறந்தது.

இந்த விழாக்களில் கொடிக்கு இருந்த இடத்தைக் கவனித்தால் என் வாதம் தெளிவாகும். ஒவ்வொரு கூட்டமும் தன் கொடியோடு அணிவகுத்து வரும். தலைவர் ஒருவர் உரையாற்றி அதை ஒப்படைப்பார். விழாக்குழு பதிலுரை சொல்லி ஏற்கும். பிறகு எல்லாக் கொடிகளும் பரிசுகள் அடுக்கிய மண்டபத்தின் மேல் ஒன்றாகப் பறக்கும். தன் கொடியை யாரும் கழற்றி வைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொன்று பறப்பதை ஏற்றால் போதும். சங்கத்தின் பொதுக்கொடியோ ஒரு தலைநகரில் நிலைகொள்ளாமல், விழா நடந்த ஊரிலிருந்து அடுத்த விழா ஊருக்குக் கைமாறியது. கன்டோன் விழாக்களிலும் இதே வழக்கம் வேரூன்றியது. காட்ஃபிரீட் கெல்லர் ஏழு முதியவர்களின் கொடியைப் பற்றி 1860இல் எழுதிய கதை, கொடியை ஒப்படைத்து யார் பேசுவது என்ற கவலையையே மையமாகக் கொண்டது. அந்தச் சடங்கு மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

வெள்ளைச் சிலுவை சுடுவோர் கண்டுபிடித்ததா என்று கேட்கலாம். இல்லை. 1339இல் லாவ்பென் போரிலேயே வீரர்கள் அதை உடையில் தைத்திருந்தார்கள். அயல்நாட்டுச் சேவையில் இருந்த சுவிஸ் படைப்பிரிவுகளின் கொடிகளிலும் அது இருந்தது. படைக்குப் பொதுக்கொடி வேண்டும் என்று படை அதிகாரி டுஃபூர் வலியுறுத்த, 1840இல் நாட்டு மன்றம் அதை ஏற்றது. ஆனால் போர்க்களத்துச் சிலுவை எதிரியையும் நண்பனையும் பிரித்துக் காட்டும் அடையாளம். படைக்கொடி உத்தரவின் பேரில் ஏந்துவது. சுடுவோர் தம் கைக்காசில் கொடி செய்து, விரும்பி எடுத்து வந்தார்கள். 1840இன் முடிவு செல்லுபடியாக, அந்தச் சின்னத்தின் கீழ் தாமே வந்து நிற்கும் மக்கள் ஏற்கெனவே இருக்க வேண்டும். விழாக்கள் அவர்களை உருவாக்கியிருந்தன.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இந்த விழாக்கள் தாராளவாதிகளின் கட்சிக் கூட்டங்கள், கத்தோலிக்கப் பழமைவாதிகள் அவற்றைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். இது உண்மையே. 1847 ஜூலையில் கிளாரஸில் விழா நடந்தது. நவம்பரில் ஏழு கத்தோலிக்கக் கன்டோன்களின் தனிக்கூட்டணியோடு உள்நாட்டுப் போரே மூண்டது. கொடிகள் போரைத் தடுக்கவில்லை. ஆனால் தோற்றவர்களுக்குத் திரும்பி வர ஒரு வழி வைத்திருந்தன. தனிக்கூட்டணிக்குத் தலைமை தாங்கிய லூசெர்ன் 1853இல் விழாவை நடத்தியது. 1861இல் நிட்வால்டனின் ஸ்டான்ஸ் நடத்தியது. தன் மாநிலக் கொடியை இறக்கிவிட்டு வரச் சொல்லியிருந்தால் லூசெர்ன் அந்த வாசலை மிதித்திருக்காது. இந்த ஒற்றுமையில் பாதிப் பேருக்கு நெடுங்காலம் இடமில்லை என்பதும் மறைக்கக்கூடியதல்ல: புதுக்கொடிக்கு ஞானத்தாயாக நின்று மங்கலம் சேர்த்த பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை 1971இல்தான் கிடைத்தது.

இன்றும் சங்க உறுப்பினர் இறந்தால், கருந்துணி கட்டிய கொடியைக் கல்லறைக்கு மேல் தாழ்த்தி வணங்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே தாழ்வது பெரும்பாலும் அவருடைய ஊரின் கொடி; நாட்டுப் பற்று ஊர்ப் பற்றை அழிக்கவில்லை. 1848இன் அரசியல் சட்டம் கன்டோன்களைக் கரைக்காமல் கூட்டாட்சியாக்கியதைச் சட்ட அறிஞர்களின் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இரண்டு பற்றையும் ஒரே கம்பில் ஏந்திப் பழகிய மக்கள், அதற்குக் குறைந்த எதையும் ஏற்றிருக்க மாட்டார்கள்.