மிசன் சோறும் இட்ட பெயரும்

கறோல் விசுவநாதபிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்னும் பெயர்களை முதன்முறை காணும் மாணவர் வியப்பதுண்டு. தமிழ்ப் பெயரின் முன்னே அந்நியப் பெயர் வந்தமை எங்ஙனம்?

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் ஊர்ப் பிள்ளைகளைத் தம்மிடத்தே வைத்து, உணவும் உடையும் ஈந்து கற்பித்தனர். செலவைக் கடல் கடந்த அன்பர் ஏற்றனர். ஏற்றவர் விரும்பிய பெயரே பலருக்குச் சூட்டப்பட்டது. 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. அங்கு வளர்ந்தோருட் பலர் பெற்றோர் உடையவரே. ஆயினும் மிசன் சோறு உண்டவர் என்னும் பழி அவர்களைத் தொடர்ந்தது. மிசன் வளவிற் சமைத்ததை உண்பது சாதியாசாரத்துக்கு இழுக்கெனக் கருதப்பட்டமையால், தொடக்கத்தில் அயல் வளவிலே சைவச் சமையற்காரரைக் கொண்டு சமைப்பிக்க வேண்டியதாயிற்று. உடுவிற் பெண்களின் விவாகத்துக்கு மிசனே சீதனமும் கொடுத்தது.

காலம் மாறிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும் செமினரி மாணவரே. சதாசிவம்பிள்ளை 1886இற் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். பழித்த ஊரே இவர்களைத் தன் பெருமையெனக் கொண்டாடிற்று. ஆனால் ஒன்றை நோக்குக. தாமோதரம்பிள்ளையவர்களின் முன்னெழுத்து ஆங்கிலத்திற் சி. டபிள்யூ.; அதாவது சார்ள்ஸ் வின்ஸ்லோ. தமிழிலோ சி. வை.; சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் என விரிப்பர். பின்னதையே நாம் வகுப்பிற் சொல்லிக்கொடுக்கின்றோம். பெருமையை ஏற்றோம், வளர்த்த இடத்தை மெல்ல மறைத்தோம்.

இதனை வேலணையிலிருந்து எழுதுவதற்குக் காரணமுண்டு. 1990இற் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிவுறும்வரை வடக்கிற் பெற்றோரை இழந்தும் வறுமையாலும் சிறுவர் இல்லங்களைச் சேர்ந்த பிள்ளைகள் பலர். அத்தகைய மாணவனொருவன் என் வகுப்பிலும் இருந்தான். ஆசிரியர் அறையில் அவனுக்குப் பெயரில்லை. 'இல்லத்துப் பிள்ளை' என்றே குறிப்பிடுவோம். ஒருநாள் என் பேனை காணாமற் போயிற்று. முப்பத்திரண்டு பைகளுள் நான் முதலிற் திறந்தது அவன் பையை. பேனை பின்னர் என் மேசை லாச்சியுட் கிடந்தது.

அவன் ஒன்றுஞ் சொல்லாது கொப்பிகளை அடுக்கிக்கொண்டான். மேலட்டையில் இல்லத்தின் முத்திரை. அதன் அருகே, தன் பெயருக்கு முன், தந்தையின் முதலெழுத்தை அழுத்தி எழுதியிருந்தான்.