முன்வரிசையைக் கவனியுங்கள்!

போட்டியில் ஜெயித்தால் கோப்பை, தோற்றால் அனுபவம் என்பார்கள். மூன்றாவதாக ஒன்றும் கிடைக்கும், தெரியுமா? அறிமுகம்!

மெலனி பெர்க்கின்ஸ், ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்து பெர்த் நகரப் பெண். 2007-ல் அம்மா வீட்டு ஹாலையே ஆபீஸாக்கி, காதலர் கிளிஃப் ஓப்ரெக்ட்டுடன் பள்ளி ஆண்டுமலர் வடிவமைக்கும் கம்பெனி தொடங்கினார். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் டிசைன் செய்யலாம் என்று அதை உலகத்துக்கே விரிக்க ஆசை. ஆனால், பணம் போடுகிறவர்கள் அமெரிக்காவில்! புதுக் கம்பெனிகளுக்குப் பணமும் பயிற்சியும் தரும் ஸ்டார்ட்மேட் போன்ற அமைப்புகள் சிட்னியிலேயே 2010 வாக்கில்தான் முளைத்தன. பெர்த்தோ அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க முதலீட்டாளர் பில் டாய், போட்டி ஒன்றுக்காக பெர்த் வந்தார். மெலனிக்குக் கிடைத்தது சில நிமிடப் பேச்சு. சான்ஃபிரான்சிஸ்கோ வந்தால் சந்திக்கலாம் என்றார் டாய். நாமாக இருந்தால், ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று விட்டிருப்போம். மெலனி பெட்டியைக் கட்டிவிட்டார்!

டாய்க்கு, பட்டத்தைப் பிடித்தபடி அலைமேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் என்றால் உயிர். அவரைச் சுற்றி முதலீட்டாளர்களும் கூடுவார்கள். மெலனி அதையும் கற்றுக்கொண்டார். அப்படியும் நூறு பேருக்கு மேல் கையை விரித்தார்கள்.

ஒருவழியாக 2013-ல் சிட்னியிலிருந்து வெளிவந்தது, கேன்வா. ஆமாம், பிறந்தநாள் வாழ்த்து செய்ய உங்கள் வீட்டுப் பிள்ளைகள் திறக்கிறார்களே, அதேதான்!

அடுத்த முறை போட்டிக்குப் போனால், மேடையில் இருக்கும் கோப்பையை மட்டும் பார்க்காதீர்கள். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பாருங்கள்.