பாலத்துறை: ஓர் ஊரின் மூன்று பெயர்கள்

நான் பிறந்து வளர்ந்த ஊருக்கு மூன்று பெயர்கள் உண்டு. கடித உறையில் எழுதுவது கிராண்ட்பாஸ். ஆற்றோரப் பக்கத்தைச் சிங்களவர்கள் தொட்டலங்க என்பார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது என்றும் பாலத்துறைதான். சிறுவயதில் இவற்றை ஒரே இடத்துக்கான மூன்று மொழிப் பெயர்கள் என்றே நினைத்திருந்தேன். ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்றல்ல என்பது பின்னர்தான் விளங்கியது. களனி கங்கையை மனிதர் கடந்த வெவ்வேறு காலங்களை அவை தமக்குள் வைத்திருக்கின்றன.

‘தொட்ட’ என்றால் தோணித்துறை. தொட்டலங்க என்றால் துறையடி. பாலம் என்ற நினைப்பே இல்லாத காலத்து வழக்கு அந்தப் பெயரில் இருக்கிறது. கிராண்ட்பாஸ் என்பதிலுள்ள ‘பாஸ்’ கடவையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல். கொழும்புக் கோட்டையிலிருந்து வடக்கே செல்பவன் ஆற்றைக் கடக்கும் பெருங்கடவை இது. பாலத்துறையோ, துறை இருந்த இடத்தில் பாலம் வந்தபின் பிறந்த பெயர் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. பழையதை விடாமல் புதியதையும் சேர்த்துக்கொண்ட பெயர் அது. சற்று மேற்கே ஆறு கடலில் விழும் இடத்தை எமது முன்னோர் முகத்துவாரம் என்றனர். வெள்ளைக்காரன் வாயில் அது ‘முட்வால்’ ஆயிற்று. சிவனொளிபாத மலைப்பகுதியில் பிறந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் கங்கையின் கடைசி இரண்டொரு மைல்கள் எங்களுடையவை.

ஓர் ஊர் ஏன் நெரிசலாகிறது என்று கேட்டால் வறுமையையும் நிலமின்மையையும் காரணமாகச் சொல்வர். எமது ஊரைப் பொறுத்தவரை காத்திருப்பும் ஒரு காரணம் என்பேன். துறை என்றால் காத்திருக்கும் இடம். தோணி அக்கரையில் நிற்கும். வெள்ளமென்றால் நாட்கணக்கில் வராது. காத்திருப்பவனுக்குத் தேநீரும் சோறும் வேண்டும். மாட்டுக்குத் தண்ணீரும் வைக்கோலும் வேண்டும். தொழுகிறவனுக்கு ஓர் இடம் வேண்டும். இவற்றைக் கொடுக்க நாலு பேர் குடியேறுவார்கள். அந்த நாலு பேரின் பிள்ளைகள் நாற்பது பேராவார்கள். முடுக்குகளும் தோட்டங்களும் அப்படித்தான் உருவாகின்றன.

மலைநாட்டுக்கும் கரைநாட்டுக்கும் இடையே முற்காலத்தில் சரக்கு போனது பொதிமாடுகளின் முதுகில். தவளம் என்று அதற்குப் பெயர். உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏறும். பாக்கும் மிளகும் கீழே இறங்கும். இத்தொழிலில் முஸ்லிம்கள் பெற்றிருந்த இடத்தைப் பேராசிரியர் லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றிய தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். எமது சமூக வரலாற்றை எழுதுவோர் இரத்தினக்கல் வணிகரையும் கப்பல் முதலாளிகளையும் பேசுகிற அளவுக்கு இந்தப் பொதிமாட்டுக்காரர்களைப் பேசுவதில்லை. சரக்குக்கு உரியவனின் பெயர் ஏட்டில் இருக்கிறது. சுமந்தவனின் பெயர் இல்லை.

ஆற்றின் குறுக்கே மட்டுமன்றி, ஆற்றோடும் சரக்கு வந்தது. கிடுகுக் கூரை வேய்ந்த தட்டையான படகுகளைச் சிங்களத்தில் ‘பாரு’ என்பார்கள். ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய்கள் கங்கையை நீர்கொழும்பு வரையும் அதற்கு அப்பாலும் இணைத்தன. ஆங்கிலேயர் வந்ததும் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாயும் அதே திசையில்தான் ஓடுகிறது. முத்துராஜவெலச் சதுப்பு நிலத்து உவர்நீரை வடிப்பது அதன் முதல் நோக்கம். எனினும் படகுகளும் அதில் ஓடின.

1822இல் பாலத்துறையில் படகுப் பாலம் அமைக்கப்பட்டது. படகுகளை வரிசையாக நிறுத்திப் பிணைத்து, மேலே பலகை பரப்பிய பாலம். ஆறு ஏறினால் பாலமும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆற்றில் வரும் படகுகளுக்கு வழிவிட நடுவிலுள்ள படகுகளை விலக்குவார்கள். அவ்வேளையில் வீதியில் வந்தவன் நிற்பான். நீர்வழியும் நிலவழியும் முறைவைத்து ஒன்றுக்கொன்று இடம்கொடுத்த காலம் அது. கண்டி வீதி அமைக்கப்பட்டதும் அதே தசாப்தத்தில்தான். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. கோப்பிப் பயிர் பெருகியபோது, மூட்டை ஏற்றிய கரத்தைகள் மலையிலிருந்து இறங்கி இந்தப் பாலத்தைக் கடந்தே துறைமுகம் சென்றன.

பிறகு ரயில் வந்தது. 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸ வரையும் 1867இல் கண்டி வரையும் ஓடியது. ரயில் பாதை கங்கையைக் கடந்தது எங்கள் துறையிலல்ல, மேலே களனிப் பக்கத்தில். தூரக் கரத்தைகளின் காலம் அத்தோடு மங்கலாயிற்று. கரத்தைக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ரயிலடியிலிருந்து பண்டகசாலைக்கும் பண்டகசாலையிலிருந்து துறைமுகத்துக்கும் சரக்கு இழுக்கத் தொடங்கினார்கள். நீண்ட வழி குறுகிய வழியாயிற்று, அவ்வளவுதான். என் மூத்தாப்பா அந்தக் கடைசித் தலைமுறைக் கரத்தைக்காரர்களில் ஒருவர். ஒரு சோடி மாடும் ஒரு கரத்தையும் அவருடைய சொத்து.

1895இல் படகுப் பாலத்துக்குப் பதிலாக இரும்பில் விக்டோரியா பாலம் எழுந்தது. நான்கு ஆண்டுகளில், 1899இல், கொழும்பில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. அதற்கு இருந்தவை இரண்டே பாதைகள். கோட்டையிலிருந்து ஒன்று பொரளைக்கும் மற்றொன்று கிராண்ட்பாஸுக்கும் சென்றன. துறைமுகத்தில் வேலை செய்பவனும் புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தியாக நிற்பவனும் எங்கள் ஊரில் குடியிருந்துகொண்டு வேலைக்குப் போய்வர முடிந்தது. காத்திருந்தவர்களால் உண்டான ஊர், இப்போது போய்வருபவர்களால் நிறைந்தது.

1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நடந்த ட்ராம் வேலைநிறுத்தம் தொழிலாளர் வரலாற்றில் பெரும் நிகழ்வு. மருதானையில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. ட்ராமில் ஏறாமல் ஊரே நடந்துபோன கதையை மூத்தாப்பா சொல்வார். “அந்தக் கெழமைகள்ல நம்மட மாட்டுக்குத்தான் மகன் மதிப்பு” என்று சிரிப்பார். 1944இல் ட்ராம் சேவையை மாநகர சபை பொறுப்பேற்றது. 1953இல் மின்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ்கள் வந்தன. 1960இல் ட்ராமும் 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றுபோயின. இதற்கிடையில் 1959இல் ஜப்பான் நட்புறவின் பெயரால் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டது. லொறிகளின் காலம் முழுதாக வந்துவிட்டது. வாப்பா லொறியில் மூட்டை ஏற்றி இறக்கும் நாட்டாமையானார். மூன்று தலைமுறையும் வாழ்ந்தது சரக்கினால்தான். ஒரு தலைமுறையிலும் சரக்கு எங்களுடையதாக இருக்கவில்லை.

ஆற்றங்கரை ஊரைப் பற்றி எழுதிவிட்டு வெள்ளத்தை எழுதாமல் விட முடியாது. நாகலகம் வீதியில் கங்கையின் நீர்மட்டத்தை அளக்கும் கோல் இருக்கிறது. வானொலியில் ‘நாகலகம் வீதி’ என்று கேட்டால் நாடே அதை வெள்ள அளவாக விளங்கிக்கொள்ளும். எங்களுக்கு அது அடுத்த தெரு. 1947 ஓகஸ்ட் வெள்ளத்தில் நீர் 12 அடியையும் தாண்டியதாம். உம்மும்மா தன் வயதைக்கூட அதை வைத்தே கணக்கிடுவார். நகரைக் காக்க ஆங்கிலேயர் காலத்தில் மண் அணைகள் எழுப்பப்பட்டன. அணை என்றால் அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. நகரம் ஒரு பக்கம், ஆறு மறுபக்கம். இடம் போதாமல் ஆற்றுப் பக்கத்தில் குடிசை போட்டவர்களை அந்த அணை காக்கவில்லை. அவர்களிடமிருந்தே அது நகரைக் காத்ததுபோல் ஆயிற்று. நாங்களும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தோம்.

1989 ஜூனில் வெள்ளம் வந்தது. இரவில் உம்மா என்னை எழுப்பியபோது பாய் நனைந்திருந்தது. குர்ஆனையும் என் புத்தகங்களையும் அலுமாரியின் மேல் வைத்துவிட்டு அணையில் ஏறினோம். அணை முழுவதும் சனம். தமிழும் சிங்களமும் மலாயும் கலந்து கேட்டது. எவர் வீட்டு அடுப்பு எரிந்ததோ அவர் வீட்டுச் சோறு எல்லோருக்கும். தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தோம். அலுமாரி சரிந்து கிடந்தது. குர்ஆனை வாப்பா சேற்றிலிருந்து எடுத்துக் கழுவிக் காயவைத்தார். தகரப் பெட்டியிலிருந்த மூத்தாப்பாவின் கரத்தை லைசன்களும் கூலிக் கணக்குக் கொப்பியும் கூழாகியிருந்தன. அரபுத் தமிழில் அவர் எழுதிய கணக்கு அது. எத்தனை மூட்டை, எந்தப் பண்டகசாலை, எவ்வளவு கூலி என்று நாள்வாரியாக எழுதியிருந்தார். அன்று வீடு போனதற்குத்தான் அழுதோம். அந்தக் கொப்பிக்கு ஒருவரும் அழவில்லை. இன்று வரலாறு எழுத உட்காரும்போது அதற்காகத்தான் மனம் பதறுகிறது.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. எமது வரலாற்றைத் தேடுவோர் வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களை நாடுகின்றனர். நாட வேண்டியதுதான். ஆனால் முடுக்குகளில் தகரப் பெட்டிகளுக்குள் இருந்தவை வெள்ளந்தோறும் போய்க்கொண்டிருந்தன. 2016 மே மாதத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீதிகளில் படகு ஓடியது. பள்ளிவாசல்கள் சமையலறைகளாயின. 2025 நவம்பர் இறுதியில் ‘டிட்வா’ புயல் மலையில் கொட்டிய மழையும் இதே வழியால்தான் இறங்கியது. ஒவ்வொரு முறையும் நிவாரணப் பட்டியலில் பாயும் பானையும் கணக்கில் வரும். கொப்பிகள் வருவதில்லை.

2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. 2021 நவம்பரில், வடம் பிடித்த தூண்களோடு ஆறு தடங்கள் கொண்ட புதிய பாலம் அதற்கு வாசலாக எழுந்தது. விமான நிலையத்திலிருந்து வருபவன் இன்று எமது கூரைகளுக்கு மேலாக நகருக்குள் இறங்குகிறான். அழகான பாலம். இரவில் விளக்கு எரியும்போது நானும் நின்று பார்ப்பதுண்டு. அதற்காக இடம்பெயர்ந்தவர்களுள் பலர் மாடிவீடுகளுக்குப் போனார்கள். வெள்ளம் எட்டாத உயரம் என்பதில் நிம்மதிதான். ஆனால் கரத்தை நிறுத்தவும் பாய் காயவைக்கவும் மையித் வைக்கவும் இருந்த முற்றம் அங்கே இல்லை என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னார்.

தோணிக் காலத்தில் வழிப்போக்கன் எம்மோடு காத்திருந்தான். படகுப் பாலத்தில் சற்று நின்றான். ட்ராமில் எம்மோடு இறங்கினான். இரும்புப் பாலத்திலிருந்து எம்மைப் பார்த்துக்கொண்டு போனான். இப்போது பார்ப்பதுமில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நோயாளியோடு விரையும் வாகனத்துக்கு விரைவான பாலம் வேண்டும். தோணித்துறை திரும்பி வரவேண்டும் என்று யாரும் துஆச் செய்யப்போவதில்லை. ஆனால் கடவை வேகமாகும்போதெல்லாம் கடத்திவிட்டவன் மறக்கப்படுகிறான். அந்த மறதியைச் சரிசெய்வது பாலம் கட்டுபவரின் வேலையல்ல, எழுதுபவரின் வேலை.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாலத்துறை என்று சொல்வதில்லை. கிராண்ட்பாஸ் என்றே சொல்கிறார்கள். சென்ற மாதம் என் பேரன் பாடசாலைக்காக ‘எனது ஊர்’ என்று ஒரு கட்டுரை எழுதினான். பார்க்கத் தந்தான். முதல் வரியிலேயே கிராண்ட்பாஸ் என்றிருந்தது. அதை வெட்டவேண்டாம் என்றேன். பக்கத்தில் மற்ற இரண்டு பெயர்களையும் எழுதச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். பக்கத்தில் உட்காரவைத்து, தோணியிலிருந்து தொடங்கினேன்.