மௌனத்தை நம்பாத மணி

திருடன் கதவைத் திறந்தால் மணி அடிக்கவேண்டும். மின்சாரப் பாடம் படித்த மாணவர் எவரும் இப்படியொரு கருவியைச் செய்துவிடலாம். மின்கல அடுக்கு, மணி, கதவில் ஒரு ஸ்விட்சு இருந்தால் போதும். ஆனால், திருடன் முதலில் கம்பியை வெட்டிவிட்டால்? மணி அடிக்காது. வீட்டுக்காரரோ, மணி அடிக்காததால் எல்லாம் நலமே என்றெண்ணி உறங்கிக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவில், பாஸ்டனை அடுத்த சாமர்வில்லில் வாழ்ந்த அகஸ்டஸ் ரசல் போப், 1853 ஜூன் 21-இல் காப்புரிமை பெற்ற மின்காந்த மணியிலும் இக்குறை இருந்தது. கதவுகளையும் சன்னல்களையும் அவர் பக்க இணைப்பில் சேர்த்திருந்தார். ஒன்று திறந்தாலும் சுற்று பூர்த்தியாகி மணி ஒலிக்கும். 1857-இல் எட்வின் ஹோம்ஸ் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, பின்னர் அதைப் பெருந்தொழிலாக வளர்த்தார். (பகலில் சும்மா கிடந்த மணிக் கம்பிகளில் 1877-இல் பாஸ்டனில் தொலைபேசிப் பேச்சையும் அனுப்பிப் பார்த்தார்கள்!)

குறையைப் போக்கும் வழி எளிது. சுற்றைத் தலைகீழாக்கினால் போதும். கதவு மூடியிருக்கும்போது மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். நின்றால் மணி அடிக்கட்டும். இப்போது கம்பியை வெட்டுவதும் கதவைத் திறப்பதும் ஒன்றுதான். ஆனால் திருடனும் சுற்றுகளைப் பற்றி அறிந்தவனாயிற்றே! இரு கம்பிகளையும் வழியிலேயே ஒன்றாக முறுக்கிவிட்டால், அப்பால் கதவு திறந்தாலும் பெட்டிக்குத் தெரியாது.

இதற்கு மருந்து, கம்பியின் கடைக்கோடியில் வைக்கும் ஒரு சிறு மின்தடை. பெட்டிக்குள் 12 வோல்ட்டும் 2,000 ஓம் தடையும், கோடியில் இன்னொரு 2,000 ஓமும் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஓம் விதிப்படி, நடுவே 6 வோல்ட் இருக்கும். கம்பி அறுந்தால் அது 12 ஆகும். முறுக்கினால் 0 ஆகும். 6-ஐத் தவிர எதைக் கண்டாலும் பெட்டி ஐயுறும். அந்தத் தடையைச் சிலர் சோம்பலால் பெட்டிக்குள்ளேயே பொருத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முறுக்கு வேலை மீண்டும் பலிக்கும்.

அடுத்து, எண்பலகைக்கு வருவோம். 1963-இல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி பொதுமக்களுக்கு வந்தது. அதில் 1, 2, 3 மேல் வரிசையில் இருந்தன. கணக்குப் பொறியில் 7, 8, 9 மேலே இருக்கும். வீட்டு மணிப் பெட்டியின் எண்பலகை பெரும்பாலும் தொலைபேசியையே பின்பற்றுகிறது. நான்கு இலக்க இரகசிய எண்ணுக்கு 10,000 வாய்ப்புகள் உண்டு. ஆலையில் இட்டு அனுப்பிய எண்ணை மாற்றாவிட்டால், கையேட்டைப் படித்தவனுக்கு ஒரே வாய்ப்பு போதும்.

வாசலில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாக இரண்டு பலகைகள் இருந்தாலும், பல அமைப்புகளில் அவை ஒரே நான்கு கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. மின்சாரத்துக்கு இரண்டு, செய்திக்கு இரண்டு. ஆகவே, ஒவ்வொரு பலகைக்கும் தனி முகவரி எண் தரவேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தந்தால், ஒரே கேள்விக்கு இருவர் ஒருசேரப் பதில் சொல்வதுபோல் செய்தி குழம்பும். முகவரி தந்த பிறகு, பெட்டியின் பதிவேட்டில் அவற்றைச் சேர்க்கவும் வேண்டும். பதிவான பலகையைப் பெட்டி திரும்பத் திரும்ப அழைக்கும். விடை வராவிட்டால் கோளாறு என்று காட்டும். சில அமைப்புகளில் பதிவாகாத பலகையும் ஒளிரும். ஆனால் அதைச் சுவரிலிருந்து பிடுங்கினாலும் பெட்டி கேட்காது.

உங்கள் வீட்டில் இக்கருவியைப் பொருத்தினால், வேலை முடிந்ததும் ஒரு பலகையின் செய்திக் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் மற்றப் பலகையில் கோளாறு விளக்கு எரியவேண்டும். எரியாவிட்டால், பொருத்தியவரை அனுப்பிவிடாதீர்கள்.